நிக்கிறாரா, நிண்டவரா?

மதுராவுக்கும் கீர்த்தனுக்கும் அப்பா எழுதுவது.

போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது நான் முதலில் சுகம் கேட்பதில்லை என்று இரண்டு பேரும் என்னைப் பகிடி பண்ணுகிறீர்கள். போன கிழமை மதுரா மட்டக்களப்பில் இருந்து எடுத்தபோதும் அப்படித்தான் நடந்தது. நான் உள்ளங்கையைக் கமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

"அப்பா, நான் பஸ் இல்லை. நீங்கள் மறிக்கத் தேவையில்லை," என்றாய் மதுரா.

எனக்குப் பின்னால் நின்ற கீர்த்தன் சொன்னான்: "அக்கா, நீயும் கையைத் தூக்கு. இல்லாட்டி மனுசன் விடியும் வரைக்கும் இப்பிடியே நிப்பார்."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவும் கேட்டுச் சிரித்தா. நானும் சிரித்தேன். ஆனால் நீ கையைத் தூக்கிய பிறகுதான் சிரித்தேன். அதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஏன் இப்படிச் செய்கிறேன் என்று கேட்டீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் கீர்த்தன் இடையில் பகிடி விட்டுக் கதையைக் குழப்புவான். அதனால் எழுதுகிறேன். நான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் மதுரா திருத்தலாம். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

முதலில் என் வேலை என்ன என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டால் நீங்கள் "அப்பா துறைமுகம்" என்றுதான் சொல்வீர்கள். துறைமுகம் ஒரு வேலை இல்லை. நான் சிக்னல்காரன்.

சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் பெரிய சதுர வாய்கள் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே நாலைந்து மாடி ஆழத்துக்குக் கிடங்கு. அதன் அடியில் ஆட்கள் நின்று சரக்கைக் கொளுக்கியில் கொளுவி விடுவார்கள். கப்பலின் கிரேன் அதைத் தூக்கி, கீழே காத்திருக்கும் லொறியில் வைக்கும். கிரேன் ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருப்பார். அவருக்குக் கிடங்கின் வாய் தெரியும், அடி தெரியாது. அடியில் நிற்பவர்களுக்கு வானம் ஒரு சதுரத் துண்டாகத் தெரியும், கிரேன் என்ன செய்யப் போகிறது என்று தெரியாது. இந்த இரண்டு பகுதிக்கும் நடுவில், வாயின் விளிம்போரம் நின்று, கீழே பார்த்து மேலே கை காட்டுகிறவன்தான் சிக்னல்காரன்.

உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினால் இறக்கு. சுட்டுவிரலை மேலே சுழற்றினால் தூக்கு. விரல்களை மடித்து முட்டியை இறுக்கிப் பிடித்தால் நில். இவ்வளவுதான். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் என் கை பிழைத்தால் கீழே ஒரு மனிதன் எழும்ப மாட்டான். எரிவாயுக் குமிழைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கிறேன் என்று அம்மா என்னைப் பேசுவா. நான் பிறக்கும்போதே அப்படி இருந்தவன் இல்லை. அந்த விளிம்பில் நின்றுதான் அப்படி ஆனேன்.

சண்டைக் காலத்தில் லிங்கநகரில் இருந்து சைக்கிளில் துறைமுகத்துக்குப் போய் மூட்டை சுமந்தேன். பிறகு கிடங்குக்குள் இறங்கினேன். பிறகு சிக்னல்காரர் ஒருவர் முதுகு நோவால் வேலையை விட்டுவிட, என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். கைச் சைகைகளை ஒரு காலையில் பழகிக்கொண்டேன். வாயைப் பழக்கியவர் வேலையை மேற்பார்க்கும் போர்மன் தர்மலிங்கம்.

அவரை நீங்கள் ஒருமுறை உப்புவெளியில் ஒரு கலியாண வீட்டில் பார்த்திருக்கிறீர்கள். குடையை விரிக்காமல் மழையில் நடந்து வந்தாரே, அவர்தான். எப்போதும் ஒரு குடை வைத்திருப்பார், அதை விரித்து நான் கண்டதில்லை. என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட. ஏசும்போதும் "நீங்கள்" என்றுதான் ஏசுவார். குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாததால் நாங்கள்தான் கிட்டப் போய் நின்று ஏச்சு வாங்க வேண்டும். "தவம், நீங்கள் இண்டைக்கு ஒரு ஆளைச் சாகக் குடுக்கப் பாக்கிறீங்கள் என்ன?" என்று பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தபடி கேட்பார். அதைக் கேட்பதைவிட அடி வாங்குவது சுகம்.

அவரிடம் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. வோக்கி டோக்கியில் பேசும்போது "போனவர், வந்தவர், நிண்டவர்" என்று முடிந்துபோனதை ஒன்றும் சொல்லக் கூடாது. "நிக்கிறார்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் மேலே ஏறிய புதிதில் ஒருநாள் அவர் கேட்டார்: "மீரான் எங்கை?"

மீரான் நானா கிடங்குக்குள் வேலை செய்யும் அணிக்குத் தலைவர். கிண்ணியா முஸ்லிம். அண்ணன் என்கிற மாதிரித்தான் அவரை நானா என்போம்.

"அவர் அந்தப் பக்கச் சுவருக்குப் போனவர் போர்மன்," என்றேன்.

"போனதை நான் கேக்கேல்லை. இப்ப எங்கை நிக்கிறார்?"

திரும்பக் குனிந்து பார்த்தேன். மீரான் நானா சுவரில் இல்லை. எதற்காகவோ நடுவுக்கு வந்து நின்றார். அதைச் சொன்னேன். போர்மன் ஏசவில்லை. "உங்கடை வாயிலை அவர் சுவரோடை. உங்கடை கண்ணிலை அவர் நடுவிலை. கிரேனுக்கு நான் எதைச் சொல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் அணியில் அது பழக்கமாகிவிட்டது. சந்தேகம் வந்தால் போர்மன் ஒரே கேள்விதான் கேட்பார்: "நிக்கிறாரா, நிண்டவரா?" வேறு ஊர்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கு அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் உயிர் கிடந்தது.

இனி எனக்குக் கை தூக்கப் பழக்கிய ஒரு போனின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலத்துக்கு முன்னர், சரக்கு இறக்கும் எங்கள் கொம்பனி ஒரு செயலியைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. கிடங்கின் வாயோரத்தில் ஓர் இரும்புக் கையைப் பூட்டி, அதன் நுனியில் ஒரு போனைக் கீழ்நோக்கிக் கொளுவினார்கள். கிரேன் கூட்டுக்குள் ஒரு சின்னத் திரை. போன் பார்ப்பதெல்லாம் அந்தத் திரையில் தெரியும்.

அதைச் செய்தவள் சுமையா என்ற பிள்ளை. அவளும் கிண்ணியாதான். மதுராவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். டவுனில் ஒரு சின்ன ஒபிசில் வேலை செய்தாள். என்னை "அங்கிள்" என்றும் மீரான் நானாவை "மாமா" என்றும் கூப்பிட்டாள்.

"பாத்தீங்களா தவம், ஒங்களுக்கு இங்கிலிசு. எனக்கு ஊர் மரியாதை," என்றார் மீரான் நானா.

சுமையா எனக்கு அதை விளங்கப்படுத்தினாள். நாங்கள் படம் எடுக்கப் போனைத் தூக்கியவுடனே, பொத்தானை அமத்துவதற்கு முன்னமே, திரையில் ஒரு காட்சி அசையும் அல்லவா? மரம் ஆடும், ஆள் நடக்கும். அந்தக் காட்சியைத்தான் செயலி பிடிக்கிறது. அது ஓடும் தண்ணீர் மாதிரி ஒரே ஓட்டமாகத் தெரிந்தாலும், உண்மையில் தனித்தனிப் படங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. செயலி ஒவ்வொரு படத்தையும் வாங்கி, நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தையும் இருளையும் மட்டும் பார்த்து, இதில் மனித உரு இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் அந்த உருவைச் சுற்றி ஒரு சிவப்புப் பெட்டி கீறும். கொளுக்கிக்குக் கீழே ஒருவரும் இல்லையென்றால் திரையின் கரை பச்சையாகும்.

முதல் நாள் படம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. கிரேன் ஓட்டும் ரஞ்சன் கூட்டுக்குள் தலையைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு, "தவம் அண்ணை, மீரான் நானா சுவரிலை நடக்கிறார், பல்லி மாதிரி," என்று வோக்கியில் கத்தினான். போனின் கண் உள்ளே படுத்த மாதிரித்தான் பொருத்தியிருக்குமாம். படத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது செயலியின் பொறுப்பு. சுமையா வெட்கப்பட்டுக்கொண்டு அதைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு ரஞ்சன் அந்தத் திரையைச் "சீரியல்" என்றுதான் சொல்வான். "அண்ணை, இண்டைக்குச் சீரியல்லை உங்கடை தொப்பி மட்டும்தான் வருது. தள்ளி நில்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் பயமும் கூடவே இருந்தது. போனால் அல்ல, போனோடு வந்த புதிய முறையால்.

பழைய முறையில், கிரேன் இறங்குவதற்கு முன் நான் கீழே பார்த்து "விலகுங்கோ" என்று கூப்பிடுவேன். மீரான் நானா தன் ஆட்களை ஒதுக்கிவிட்டு, "எல்லாரும் சுவரோட" என்று திருப்பிச் சொல்வார். அதன் பிறகுதான் என் கை அசையும். என் கை அசையாவிட்டால் கிரேன் அசையாது. புதிய முறையில், கரை பச்சையாக இருந்தால் ரஞ்சன் இறக்கலாம். ஆபத்து என்று நான் கண்டால் மட்டும் நிறுத்த வேண்டும். யோசித்துப் பாருங்கள். முன்பு நான் சும்மா நின்றால் எல்லாம் நிற்கும். இப்போது நான் சும்மா நின்றால் எல்லாம் ஓடும்.

இதைப் போர்மனிடம் சொன்னேன். "எனக்கும் பிடிக்கேல்லை தவம். ஆனா நீங்கள் பாக்கேலாத இடத்தை அது பாக்குது. சோதிச்சுப் பாப்பம்," என்றார்.

அது உண்மைதான். நான் நிற்கும் விளிம்புக்கு நேர் கீழே, மேல்தளம் குடை மாதிரி நீண்டிருக்கும் இடம், எனக்கு எப்போதும் குருடு. இரும்புக் கையில் நீட்டிக்கொண்டிருந்த போனுக்கு அது தெரிந்தது. சோதனை தொடங்கிய காலையிலேயே, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து கால் நீட்டிக்கொண்டிருந்த ஒருவனைச் சிவப்புப் பெட்டி காட்டிக்கொடுத்தது. ரஞ்சன் நிறுத்தினான். நான் அந்தக் காலைக் காணவேயில்லை.

அடுத்த நாள் வயலுக்குப் போடும் பசளை வந்த கப்பல். ஒவ்வொரு பையும் ஓர் ஆள் உயரம். பையின் தலையில் நாலு பட்டிக் காதுகள். நாலு மூலையிலும் கொளுக்கி தொங்கும் ஒரு பெரிய இரும்புச் சட்டத்தைக் கிரேன் கீழே இறக்கும். ஆட்கள் காதுகளைக் கொளுவியதும் தூக்கும். அந்தச் சட்டம் வெறுமையாக இறங்கும் நேரம்தான் பயம். அது மெல்லத் தட்டினாலே எலும்பு மிஞ்சாது.

காலை நன்றாகப் போனது. மத்தியானம் ஆக வெயில் ஏறியது. கப்பலின் இரும்பு, சப்பாத்துக்குள்ளால் காலைச் சுட்டது. உள்ளே பசளைத் தூசி புகை மாதிரி எழும்பியது. சுமையா இறங்குதுறையில் தறப்பாள் நிழலில் மடிக்கணினியோடு இருந்தாள்.

சட்டம் லொறிப் பக்கம் போயிருந்தது. மீரான் நானா சுவரை விட்டு நடுவுக்கு வந்தார். ஒரு பையின் காது இரண்டு பைகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. அதை இழுக்கக் குனிந்தார். அவர் பிழை செய்தார் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். புதிய முறையை அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவரும் ஓம் என்றிருந்தார். ஆனால் அத்தனை வருடமாக என் "விலகுங்கோ" கேட்டு விலகிய உடம்பு அது. என் குரல் கேட்காதவரை மேலே இருந்து ஒன்றும் வராது என்று அவருடைய முதுகுக்குத் தெரியும்.

சட்டம் திரும்பி வந்தது. கிடங்கின் வாய்க்கு நேரே நின்றது. இறங்கத் தொடங்கியது.

நான் முட்டியைத் தூக்கிப் பிடித்தேன். ரஞ்சன் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய முகம் திரையின் மேல் குனிந்திருந்தது. முட்டியை ஆட்டினேன். சட்டம் இறங்கியது. வோக்கியை அமத்தினேன்.

"நில்! ரஞ்சன், நில்!"

அவன் லீவரை இழுத்தான். ஆனால் அந்தப் பாரம் சொன்னவுடனே நிற்காது. ஆடி ஆடி இன்னும் கொஞ்சம் இறங்கி, மீரான் நானாவின் குனிந்த முதுகுக்கு மேலே ஊஞ்சல் மாதிரித் தொங்கியது.

"ஏன் அண்ணை? பச்சையாத்தானே கிடக்கு."

"மீரான் நானா நடுவிலை நிக்கிறார்!"

"இல்லையே அண்ணை. நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். ஒருத்தரும் இல்லை."

அவனுக்கு அவன் கண்ணில் தெரிவது உண்மை. எனக்கு என் கண்ணில் தெரிவது உண்மை. நடுவில் அந்தச் சட்டம் ஆடிக்கொண்டிருந்தது. அவன் கை இன்னும் லீவரில்தான் இருந்தது. அப்போது போர்மனின் குரல், பிளேன்ரீ கேட்பது மாதிரி அவ்வளவு மெதுவாக வந்தது.

"தவம். மீரான் நிக்கிறாரா, நிண்டவரா?"

"நிக்கிறார் போர்மன். நிக்கிறார்."

"ரஞ்சன், லீவரிலை இருந்து கையை எடுங்கோ."

அவன் எடுத்தான். கண்ணாடிக்குள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். அப்போதுதான் நான் ரஞ்சனை விட்டுக் கீழே குனிந்தேன். "நானா, விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கிடங்குக்குள் கத்தினேன். மீரான் நானா நிமிரப் பார்த்து, மேலே கண்டு, நிமிராமல் அப்படியே நாலு காலில் தவழ்ந்து சுவருக்குப் போனார். சுவரில் முதுகைச் சாய்த்து இருந்தார். யாரோ தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க, அதை வாங்கி முகத்தில் ஊற்றினார்.

முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அந்த நேரம்தான் ரஞ்சன் அலறினான்.

"ஐயோ அண்ணை! நானா உள்ளுக்குப் போறார்! சட்டத்துக்குக் கீழை போறார்! குனியிறார்!"

கீழே பார்த்தேன். மீரான் நானா சுவரில்தான் இருந்தார்.

"இல்லை ரஞ்சன். அவர் சுவரோடை இருக்கிறார். தண்ணி குடிக்கிறார்."

"இல்லை அண்ணை, நடுவிலை நிக்கிறார்! சிவப்புப் பெட்டி விழுந்திட்டுது! தவளுறார் அண்ணை, ஏன் தவளுறார்?"

பிள்ளைகளே, அந்த நேரம் எனக்கு வந்த பயம், சட்டம் தொங்கியபோது வந்த பயத்தைவிடப் பெரியது. ரஞ்சன் பார்த்துக்கொண்டிருந்தது மீரான் நானாவை இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முந்திய மீரான் நானாவை. படம் நின்று போயிருந்தால் அவன் உடனே பிடித்திருப்பான். அது நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு அழகாக ஓடியது. ஆட்கள் நடந்தார்கள், தூசி பறந்தது. ஆனால் எல்லாம் நடந்து முடிந்தவை. அன்று மத்தியானத்தில் இருந்து எத்தனை தரம் அவன் முடிந்துபோன பச்சையைப் பார்த்துச் சட்டத்தை இறக்கினான், எத்தனை தரம் சுவரோடு நின்றவர்கள் தற்செயலாகத்தான் சுவரோடு நின்றார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. நித்திரை வராத நாட்களில் நான் அதைத்தான் யோசிப்பேன்.

வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் தறப்பாளுக்குக் கீழே கூடினோம். சுமையாவின் முகம் வெளிறியிருந்தது. அவள் ஒரு சாட்டும் சொல்லவில்லை. போனில் பிழை, வெயிலில் பிழை என்று ஒன்றும் சொல்லவில்லை. "அங்கிள், ஒருக்கா மேல போய் போனுக்கு முன்னுக்குக் கையத் தூக்குவீங்களா? தூக்கக்குள்ள வோக்கில சொல்லுங்க," என்றாள்.

மேலே போய்க் கையைத் தூக்கினேன். சொன்னேன். இறக்கினேன். அதையும் சொன்னேன். திரும்ப நடந்து படிக்கு வந்த பிறகுதான், "இப்பதான் ஒங்கட கை எழும்புது அங்கிள்," என்று மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய குரல் வந்தது.

போனைக் கழற்றிக் கொண்டுவந்தோம். கையில் பிடிக்க ஏலாத சூடு. சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெதுவாக வேலை செய்யுமாம். ஆனால் கமரா மெதுவாகாது, படங்களைத் தந்துகொண்டே இருக்கும்.

"கிளினிக் வரிசை மாதிரி அங்கிள்," என்றாள் சுமையா. "டொக்டர் மெதுவாப் பாத்தா வரிசை நீளும். இப்ப உள்ளுக்குப் போறவர் எப்பயோ வந்து குந்தினவர். ஒரு படத்தயும் விடாமப் பாக்கணும் எண்டு நெனச்சி நான்தான் வரிசை வெச்சன். ஒண்டையும் தவற விடக்கூடாது எண்டு."

போர்மன் குடையின் நுனியால் நிலத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். "அப்ப அது பொய் சொல்லேல்லை, பிள்ளை. நிண்டவர் எண்டதை நிக்கிறார் எண்டு சொல்லிப்போட்டுது."

சுமையா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் சேர். அதான் பிழை. வேறொண்டும் இல்ல, அதான்," என்றாள்.

"கழட்டி எறிவம்," என்றேன் நான். "பழையபடி நான் பாக்கிறன்."

ரஞ்சன் தலையாட்டினான். போர்மன் ஆட்டவில்லை. "கீழை இறங்கிறது நாங்கள் இல்லை. இறங்கிறவரைக் கேளுங்கோ," என்றார்.

எல்லாரும் மீரான் நானாவைப் பார்த்தோம். தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துப் பிழிந்துகொண்டு இருந்தார்.

"கழட்ட வேணாம்," என்றார்.

"நானா, உங்களுக்கு மேலைதான் சட்டம் தொங்கினது," என்றேன்.

"தெரியும் தவம். என்ட முதுகுதானே. ஆனா நேத்து மூட்டைக்குப் பின்னால இருந்த பொடியன்ட கால ஒங்கட கண்ணு காணல்ல. அது கண்டிச்சி. ஒங்கட காலுக்குக் கீழ இரிக்கிற மூலையில நாங்க எத்தின வருசம் அல்லாட காவல்ல வேல செஞ்சம் எண்டு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." சுமையாவைப் பார்த்தார். "மகள், இத ஒழுங்காக்க ஏலுமா, ஏலாதா? ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லு. மாமா கோவிக்க மாட்டன்."

"ஏலும் மாமா," என்றாள். "வரிசையே வெக்க மாட்டன். புதுப் படம் வந்தா காத்திருக்கிற பழசெல்லாம் குப்பைக்கு. எது இப்பயோ அத மட்டும்தான் பாக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது புடிச்ச நேரத்த ஒட்டி விடுவன். பிந்தி வந்தா திரை கறுப்பாகும். தெரியல்ல எண்டா தெரியல்ல எண்டு சொல்லணும்."

"அந்த நேரம் ஒட்டுறதும் பிழைச்சால்?" என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்க வரும்.

பிழைக்காது என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு ஒங்கட கை வேணும் அங்கிள்," என்றாள்.

அவள் சொன்ன முறை இதுதான். ஒவ்வொரு முறையும் சட்டம் இறங்குவதற்கு முன், நான் வழக்கம்போல "விலகுங்கோ" என்று கூப்பிட்டு மீரான் நானாவின் பதிலைக் கேட்க வேண்டும். பிறகு இரும்புக் கைக்கு அருகே போய், போனின் கண்ணில் படும்படி உள்ளங்கையை விரித்துப் பிடிக்க வேண்டும். ரஞ்சன் கூட்டுக்குள் இருந்து கண்ணாடி வழியாக என் கையையும் பார்ப்பான், திரையில் என் கையையும் பார்ப்பான். இரண்டும் சேர்ந்து எழும்ப வேண்டும். சேர்ந்து விழ வேண்டும். சேராவிட்டால் அவன் லீவரைத் தொடக் கூடாது. பச்சையாக இருந்தாலும் தொடக் கூடாது.

"இனி நானும் சீரியல்லை நடிக்கிறன்," என்றேன் ரஞ்சனிடம். அவன் சிரிக்கவில்லை. அன்று முழுக்க அவன் சிரிக்கவில்லை.

சுமையா எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு வந்த காலை எனக்கு நல்ல ஞாபகம். அம்மா தந்த இடியப்பத்தைச் சாப்பிட ஏலாமல், கீர்த்தனின் தட்டில் தள்ளிவிட்டுப் போனேன். மீரான் நானா ஏணியில் இறங்கும்போது என்னைப் பார்த்தார்.

"கைய நடுங்காமப் புடியுங்க தவம். நீங்க நடுங்கினா படம் நடுங்குதெண்டு அந்தப் பிள்ளையப் பேசுவாங்க."

"பாத்து இறங்குங்கோ நானா."

"பாக்கிறதுக்குத்தானே இத்தின பேர் மேல நிக்கிறீங்க," என்று சொல்லிக்கொண்டே இருட்டுக்குள் போனார்.

"விலகுங்கோ!" என்றேன்.

"எல்லாரும் சுவரோட!"

உள்ளங்கையை விரித்துப் பிடித்தேன். அது என் கை போலவே இல்லை. காற்று இல்லை, சத்தம் இல்லை. ரஞ்சன் கண்ணாடி வழியாகப் பார்த்தான், குனிந்து திரையைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான். கையை இறக்கினேன். திரும்பவும் தூக்கினேன்.

"கை ரெண்டும் ஒண்டு அண்ணை," என்றான்.

சட்டம் இறங்கியது. மீரான் நானாவின் ஆட்கள் கொளுவினார்கள். பை எழும்பியது. நான் மூச்சு விட்டேன். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் அதே பயம். பழகவேயில்லை.

வெயில் ஏறியது. போனுக்கு மேலே சுமையா ஒரு நிழல் தகடு பூட்டியிருந்தாள், ஆனாலும் இரும்பு சுட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை நான் கையைத் தூக்கியபோது ரஞ்சன் பதில் சொல்லவில்லை.

"ரஞ்சன்?"

"கறுப்பு அண்ணை. திரை கறுத்திட்டுது."

கிரேன் அசையவில்லை. கிடங்கு அசையவில்லை. போர்மன் கீழே இருந்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்டும் தெரியேல்லை போர்மன்," என்றான் ரஞ்சன். அவனுடைய குரலில் அன்றைக்குத்தான் திரும்பவும் ஒரு சிரிப்பு இருந்தது. "நல்ல வடிவா, ஒண்டுமே தெரியேல்லை."

கீழே தறப்பாளுக்குள் சுமையா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்ததைக் கண்டேன். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. போனை நிழலில் ஆறவிட்டோம். அது ஆறும் வரை, பழைய முறைப்படி என் கையை மட்டும் பார்த்து வேலை நடந்தது. அந்த நேரத்தில் என் காலுக்குக் கீழே இருந்த குருட்டு மூலைக்கு மீரான் நானா ஒருவரையும் போகவிடவில்லை.

அதன் பிறகு என் கடைசிக் கப்பல் வரைக்கும் அப்படித்தான் செய்தோம். எனக்குப் பிறகு வந்த சிக்னல்காரரும் கை காட்டுகிறார் என்று ரஞ்சன் போனில் சொன்னான். மீரான் நானா இப்போது கிடங்குக்குள் இறங்குவதில்லை. பேரப்பிள்ளைகளோடு கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்குமாக அலைகிறார். போன மாதம் முகம் பார்த்துக் கதைக்க எடுத்தவர், நான் கையைத் தூக்குவதற்கு முன்னமே தான் கையைத் தூக்கிவிட்டார்.

இப்போது விளங்குகிறதா?

மதுரா, நீ வீட்டை விட்டுப் போனதில் இருந்து உன் முகத்தை நான் அந்தச் சின்னத் திரையில்தான் பார்க்கிறேன். லைன் மந்தமான நாட்களில் நீ சிரித்துக்கொண்டே இருப்பாய். வழுக்கிக்கொண்டு அழகாகச் சிரிப்பாய். அது எப்போது சிரித்த சிரிப்பு என்று எனக்குத் தெரியாது. படம் நின்றுவிட்டால் எனக்குப் பயமில்லை, லைன் போய்விட்டது என்று நினைப்பேன். ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குத்தான் பயம். "சுகமா?" என்று நான் உடனே கேட்டால், நீ கொஞ்சம் முந்திச் சுகமாய் இருந்தாய் என்றுதான் எனக்குத் தெரியவரும். அது எனக்குப் போதாது.

ஆகையால் என்னைப் பகிடி பண்ணுங்கள், பரவாயில்லை. ஆனால் கையைத் தூக்குங்கள். கீர்த்தன், நீயும் ஒருநாள் எங்கேயோ போவாய். நீயும் தூக்க வேண்டும்.

போன கிழமை நீ கையைத் தூக்கியபோது, மதுரா, அம்மா குசினியில் இருந்து, "பிள்ளை என்னவாம்?" என்று கேட்டா. நீ அதைக் கேட்டிருக்க மாட்டாய். நான் சொன்ன பதிலையும் கேட்டிருக்க மாட்டாய்.

"இருக்கிறாள்," என்றேன்.